கல்லாவை விட்டு இறங்கிய பையன்

(பொன்விழாவையொட்டிப் பூச்சோங்கில் நடைபெற்ற இலக்கிய அமர்வில், சங்கத்தின் வாசிப்பு வட்டம் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, கதவுக்குப் பக்கத்து வரிசையில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, ‘சிறுகதைகளில் இளைஞரின் எதிர்ப்பும் பெரியவரின் அதிகாரமும்’. தலைப்பைப் பார்த்ததும் எங்களுக்குக் கொஞ்சம் பயம் வந்தது. நாங்கள் பேராசிரியர்கள் அல்லர். மாதக் கடைசிச் சனிக்கிழமை இஷாத் தொழுகைக்குப் பிறகு சங்கத்தின் மாடி வகுப்பறையில் கூடி, ஒரு கதையைப் படித்துவிட்டு, வடை தின்றுகொண்டே சண்டை போடுகிறவர்கள். பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். மீதிப் பேர் இருபத்தைந்தைத் தொடாதவர்கள். ஒரு மாதம் பெரியவர்கள் கதையைத் தேர்ந்தெடுப்போம், மறு மாதம் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பார்கள். கதை பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. படிக்காமலே பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் யாருக்கும் உரிமை இல்லை.

தொடக்கத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “நமக்கெதற்கப்பா கதை கட்டுகிற வேலை?” நல்ல கேள்விதான். ஆனால் கதை நமக்குப் பிறத்தியார் சொத்து அல்ல. சிங்கப்பூரில் 1887-இல் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்கி நடத்தியவர் சி. கு. மகுதூம் சாயபு, நம்மவர். அவர் 1888-இல் அதில் எழுதிய ‘விநோத சம்பாஷணை’யை, இந்த வட்டாரத்துத் தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். பெயரே சொல்கிறபடி அது உரையாடல். இரண்டு பேர் பேசிக்கொள்வதிலிருந்துதான் இங்கே நம் கதை தொடங்கியிருக்கிறது. இதைச் சொன்னதும் அந்தப் பெரியவர் மறுபேச்சில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்றுவரை ஒரு மாதமும் தவறியதில்லை.

இன்று மூன்று கதைகளைப் பற்றி விரிவாகப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். இடையில் இன்னும் இரண்டு நுழைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கதை பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக்கின் ‘ஏ அண்ட் பி’. 1961-இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தது. ஏ அண்ட் பி என்பது அங்கே ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த மளிகைக் கடை. அதில் கல்லாவில் நிற்கும் பையன் சாமி, வயது பத்தொன்பது. கதையை அவனே சொல்கிறான். ஒரு வியாழக்கிழமை பிற்பகல், கடற்கரைக்குப் போகும் நீச்சல் உடையிலேயே மூன்று பெண்கள் கடைக்குள் வந்துவிடுகிறார்கள். அவர்கள் வாங்கியது 49 சென்ட் விலையுள்ள ஒரு மீன் புட்டி, அவ்வளவுதான். மேலாளர் லெங்கல் வந்து, கடைக்கு இப்படி வரக்கூடாது, எங்கள் விதி அப்படி என்று எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கிறார். அந்தப் பெண்கள் முகம் சிவந்து வெளியேறுகிறார்கள். உடனே சாமி, வேலையை விட்டுவிட்டேன் என்கிறான். அவர்கள் காதில் விழவேண்டும் என்று அவசரமாகத்தான் சொல்கிறான். விழவில்லை. கடை ஏப்ரனையும் கழுத்துப் பட்டையையும் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தால் அந்தப் பெண்கள் போய்விட்டார்கள். வண்டிகள் நிற்கும் இடத்தில் ஓர் அம்மா தன் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறாள். இனிமேல் உலகம் தன்னிடம் எவ்வளவு கடுமையாக நடந்துகொள்ளப் போகிறது என்று அவனுக்கு அந்த நிமிடத்தில் புரிகிறது. கதை அங்கே முடிகிறது.

எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் சாப்பாட்டுக் கடையோ ஜவுளிக் கடையோ மினி மார்க்கெட்டோ நடத்துகிறவர்கள். எனவே விவாதம் எங்கே போயிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். “வியாழக்கிழமை பிற்பகல் கல்லாவைப் போட்டுவிட்டுப் போனால் அடுத்த ஆள் யார்?” என்று ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டார். உடை விஷயத்தில் லெங்கல் சொன்னதில் என்ன தப்பு என்று ஒரு தாயார் கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்றே பெண்பிள்ளைகளும் சொன்னார்கள். பையன் பெரிய கொள்கைக்காகப் போகவில்லை, பெண்கள் பார்க்கட்டும் என்று வீரம் காட்டினான் என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதுவரை சும்மா இருந்த ஒரு கல்லூரி மாணவி அப்போது பேசினாள். “லெங்கல் சொன்ன விதி சரி. ஆனால் அதை அவர் சொன்ன இடம் சரியில்லை. வரிசையில் நிற்கிற எல்லாரும் பார்க்கச் சொன்னார். சாமிக்குப் பொறுக்காமல் போனது விதி இல்லை, அவமானம்.”

கடை வைத்திருப்பவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. காலை நேரக் கூட்டத்தில், மேசைக்கு மேசை ஆள் இருக்கும்போது, தே தாரிக்கைத் தவறான மேசையில் வைத்துவிட்ட சொந்த மகனை நாம் எப்படி அழைக்கிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். வேலையாளைக்கூட அப்படி அதட்ட யோசிப்போம். மகன் என்றால் யோசிப்பதில்லை. அது உரிமை என்று நினைத்துக்கொள்கிறோம்.

கதையில் இன்னும் ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. பையனைத் தடுக்க லெங்கல் கடைசியாக எடுக்கும் ஆயுதம் அவன் பெற்றோர். உன் தாய் தகப்பனுக்கு இப்படிச் செய்யாதே என்கிறார். பையன் வெளியே போகும்போது போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையை முந்தைய இரவு அவன் தாய்தான் இஸ்திரி போட்டிருக்கிறாள். தாயைப் பற்றிக் கதையில் இருப்பது ஏறத்தாழ இவ்வளவுதான். அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனபோது அவள் என்ன சொன்னாள், கதவைத் திறந்தாளா, திட்டினாளா, அப்டைக் காட்டவில்லை. வீட்டில் இதை ஒரு சோகமாகவே நினைக்கிறார்கள் என்று சாமி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறான். எங்களுக்கு அந்தக் காட்சிதான் வேண்டியிருந்தது. அதனால் அடுத்த மாதம் பெரியவர்கள் தேர்ந்தெடுத்த கதை அதற்கு வாகாக அமைந்தது.

வைக்கம் முகம்மது பஷீர் மலையாளத்தில் எழுதிய ‘அம்மா’. தன் வாழ்க்கையையே கதையாகச் சொன்னவர் அவர். வைக்கத்துக்குப் பக்கத்தில் தலயோலப்பறம்பில் 1908-இல் பிறந்தார். 1925-இல் காந்தியடிகள் வைக்கம் சத்தியாக்கிரகத்துக்கு வந்தபோது பள்ளிக்கூடப் பையன். கூட்டத்தில் முண்டியடித்துப் போய்க் காந்தியைத் தொட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து உம்மாவிடம் பெருமையாகச் சொல்கிறார். உம்மாவுக்குக் காந்தி யார் என்றே சரியாகத் தெரியாது. பிள்ளை எதையோ தொட்டுவிட்டு வந்திருக்கிறானே என்று பதறுகிறாள். பள்ளிக்கூடத்தில் பிரம்படி கிடைக்கிறது. பிறகு 1930-இல் வீட்டுக்குச் சொல்லாமல் கோழிக்கோட்டுக்கு ஓடிப்போய் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்கிறார். போலீஸ் அடி, கண்ணூர்ச் சிறை. மறு ஆண்டு காந்தி – இர்வின் ஒப்பந்தத்தின்போது விடுதலை. ஊருக்கு வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. இருட்டிலிருந்து யாரது என்று உம்மா கேட்கிறாள். விளக்கை ஏற்றுகிறாள். ஒன்றும் நடக்காதது மாதிரி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுச் சோறு போடுகிறாள். இன்று வருவேன் என்று எப்படித் தெரியும் என்று மகன் வியப்போடு கேட்கிறான். தெரியாது. ஒவ்வொரு இரவும் சோறாக்கி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள்.

இந்த இடத்தைப் படித்துக் காட்டியவரால் தொடர முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் புத்தகத்தை வாங்கி மீதியைப் படித்தார்.

அழுகை அடங்கியதும் சண்டை தொடங்கியது. ஒரு தகப்பனார் சொன்னார்: “சோறு போட்டால் போதுமா? எங்கே போனாய், ஏன் போனாய் என்று கேட்க வேண்டாமா? இப்படி விட்டால் பிள்ளை எப்படி உருப்படும்?” அதற்கு மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயார் சொன்ன பதில் எங்கள் வட்டத்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. “கேட்பதற்கு அவன் முதலில் வீட்டில் இருக்க வேண்டுமே!”

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஷீரின் உம்மா மகனுடைய போராட்டத்துக்குக் கொடி பிடித்தவள் அல்ல. அவளுக்கு அது விளங்கவும் இல்லை, பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியாது. பட்டினியும் கவலையும்தான் அவளுக்கு மிச்சம். கதையில் மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தின் பிரம்பு ஒன்று, போலீஸின் கை ஒன்று, உம்மாவின் அடுப்பு ஒன்று. முதல் இரண்டும் அந்தப் பையனை இன்னும் தூரத்துக்குத் துரத்தின. மூன்றாவது ஒன்றும் செய்யாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் அங்கேதான் திரும்பி வந்தான். வளர்ந்த பிறகு கதை எழுத உட்கார்ந்தபோது, அத்தனை வீரத்தையும் செய்த அவன் தன் கதைக்குத் தன் பெயரை வைக்கவில்லை, தாயின் பெயரை வைத்தான்.

நம் மலேசியத் தமிழில் வழக்கமாகக் கேட்போமே, “பசியாறியாச்சா?” என்று. பஷீர் கதையைப் படித்த பிறகு அந்தச் சொல்லை நாங்கள் கேட்கிற விதமே மாறிப்போயிற்று.

மூன்றாவது கதை ஜெயகாந்தன் 1960-களில் எழுதிய ‘யுகசந்தி’. வேறு சமூகத்துக் கதை, அக்கிரகாரத்துக் கதை. ஆனாலும் நம் வீட்டுக் கதை. கௌரிப் பாட்டி சிறுவயதிலேயே விதவையானவர். பேத்தி கீதாவும் கல்யாணமான சில மாதங்களிலேயே விதவை. நெய்வேலியில் ஆசிரியையாக இருக்கும் கீதாவுக்குத் துணையாகப் பாட்டி அங்கே தங்கியிருக்கிறார். அவ்வப்போது கடலூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து போவார். அப்படி வந்த ஒரு நாள் பாட்டியின் கையில் கீதா கொடுத்தனுப்பிய கடிதம். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரை மறுமணம் செய்துகொள்ளப் போவதாக எழுதியிருக்கிறாள். அப்பா கொதிக்கிறார். இனி அவள் செத்தவள் என்கிறார். பாட்டியும் அதிர்ந்துதான் போகிறார். கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறார். தன் வாழ்க்கையையே திரும்பிப் பார்க்கிறார். பிறகு எழுந்து, தான் கீதாவிடம் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்.

எதிர்ப்புக் கதைகளில் இது விசித்திரமான கதை. எதிர்க்கிற பெண் கடிதத்தின் வழியாகத்தான் பேசுகிறாள். கதை முழுக்க நிற்பது பாட்டிதான். சாமியின் கதையைச் சாமியே சொன்னான், அதனால் அதில் அவன் சூடு தெரிகிறது. பஷீர் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்துச் சொன்னார், அதனால் அதில் ஈரம் தெரிகிறது. யுகசந்தியோ பெரியவர் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. இளையவர் எடுத்த முடிவு பெரியவரின் நெஞ்சுக்குள் இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் அங்கே கதை. பாட்டி தன்னுடைய ஆசாரத்தை விடவில்லை. மழித்த தலையோடுதான் இருக்கிறார், அப்படியேதான் இருப்பார். பேத்தி தன்னைப்போல் இருக்கத் தேவையில்லை என்று மட்டும் ஒப்புக்கொள்கிறார். நம்மில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். பிள்ளை வேறு வழியில் போனால் நம் வழி பொய்யாகிவிடும் என்று பயப்படுகிறோம்.

இங்கே எங்கள் வட்டத்துப் பெரியவர்களில் சிலர் மகன் பக்கம் பேசினார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. ஊர் கேட்குமே, அடுத்த பெண்ணுக்குச் சம்பந்தம் வர வேண்டுமே என்றார்கள். அது பொய்யான பயம் அல்ல. அந்தத் தகப்பனைக் கொடுமைக்காரனாக ஜெயகாந்தனும் காட்டவில்லை என்றுதான் நாங்கள் படித்தோம். ஊருக்குப் பயந்த மனிதர், அவ்வளவுதான்.

ஊரே அதிகாரமாக நிற்கும்போது என்ன ஆகும் என்பதற்குத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ இருக்கிறது. சிறுகதை இல்லை, நாவல்தான். முதலில் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து 1988-இல் புத்தகமானது. ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று நிற்கும் முதலாளியை நம் வீட்டுப் பெரியவர்களில் சிலருக்கு முகத்தோடு அடையாளம் தெரியும். அவரை எதிர்த்து நிற்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதையும் தெரியும். அதைப் பற்றித் தனியாக ஓர் அமர்வு வைக்க வேண்டும், இன்று நேரமில்லை.

ஆனால் கு. அழகிரிசாமியைச் சொல்லாமல் போக முடியாது. 1950-களில் கோலாலம்பூருக்கு வந்து ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றி, இங்குள்ள இளைஞர்களை எழுதவைத்தவர். அவருடைய ‘அன்பளிப்பு’ கதையில் சாரங்கன் என்று ஒரு சிறுவன் வருகிறான். தெருப் பிள்ளைகள் எல்லாரும் உரிமையோடு ஏறி விளையாடும் ஒரு மாமா, புத்தாண்டுக்கு வேறு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். இவனை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவன் சத்தம் போடவில்லை, கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, உபசரித்து, தானே வைத்திருந்த ஒரு டைரியை நீட்டி, இது நீங்கள் எனக்கு அன்போடு கொடுத்தது என்று எழுதித் தரச் சொல்கிறான். கல்லாவை விட்டு இறங்கிப் போகும் பையனைச் சமாளித்துவிடலாம். இந்தப் பையனிடம் என்ன சொல்வது? எதிர்ப்பு எப்போதும் கதவை அறைந்து சாத்திவிட்டுத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சில நேரம் அது மிகவும் மரியாதையாக வந்து கையை நீட்டுகிறது. நமக்குத்தான் தெரிவதில்லை.

கதைகளைப் பேசிவிட்டோம். இப்போது சங்கத்தைப் பற்றி ஒன்று. பொன்விழாவில் இதைச் சொல்லலாமா என்று எங்களுக்குள் மூன்று வாரம் விவாதம் நடந்தது. சொல்லிவிடலாம் என்று முடிவாயிற்று.

இந்தச் சங்கம் தொடங்கியபோது பூச்சோங் ரப்பர்த் தோட்டங்களும் ஈய லம்பங்களுமாக இருந்தது. ஊர் வளர்ந்தது, 1999-இல் டாமன்சாரா – பூச்சோங் நெடுஞ்சாலை வந்தது, பிறகு எல்.ஆர்.டி. வந்தது. சங்கமும் வாடகை அறையிலிருந்து இந்தக் கட்டடத்துக்கு வந்தது. அதையெல்லாம் இந்த மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு செய்தியை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஆண்டு விழாவில் நம் இளைஞர் பிரிவுப் பையன்கள் ஒரு நாடகம் போட்டார்கள். தலைவர் நாற்காலி தானே எழுந்து பேசுவதாக நாடகம். “இருபது வருடமாக என் மேலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை, எனக்கு முதுகு வலிக்கிறது” என்று நாற்காலி சொன்னது. பொன்னாடை போர்த்தியே கூட்ட நேரம் முடிந்துபோவதாக அடுத்த காட்சி. சபையில் சிரிப்பு அடங்கவில்லை. பத்தாவது நிமிடத்தில் ஒலிபெருக்கி அணைந்தது, திரை விழுந்தது.

அணைக்கச் சொன்னது வேறு யாரும் இல்லை. அன்று நிர்வாகத்தில் இருந்த எங்களில் இருவர்தான். கரண்ட் கோளாறு என்று சபைக்கு அறிவித்ததும் நாங்கள்தான். மறுநாள் அந்தப் பையன்களின் அத்தாமார்களைக் கூப்பிட்டுப் பேசினோம். பையன்களைக் கூப்பிடவில்லை. லெங்கல் செய்த அதே காரியம். ‘ஏ அண்ட் பி’யைப் படிக்கும்போது எங்களுக்கு அவ்வளவு சுருக்கென்று பட்டதற்குக் காரணம் அதுதான். நாடகத்தில் ஏழு பேர். ஏழு பேரும் அதற்குப் பிறகு சங்கத்துக்கு வரவில்லை. இன்று அவர்களில் பலர் நல்ல நிலையில் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களில் இருவர் இங்கிருந்து பத்து நிமிடக் கார்ப் பயணத்தில், பண்டார் கின்ராராவில்தான் இருக்கிறார்கள்.

ஒருவர் தன் மகளை ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்து விடுகிறார். வகுப்பு முடிய ஒன்றரை மணி நேரம். அதுவரை எதிரே மரத்தடியில் காரிலேயே உட்கார்ந்திருப்பார், மேலே வரமாட்டார். இதைப் பல மாதம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வராமல் இருக்கிறார் என்று மட்டும்தான் எங்களுக்குத் தோன்றியது. சாரங்கன் கதையைப் படித்த மறுவாரம்தான், அவர் ஒவ்வொரு வாரமும் வந்துகொண்டுதானே இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார்.

அன்று ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்ன இருவரில் ஒருவர் போன மாதம் கீழே இறங்கிப் போனார். கார் கண்ணாடியைத் தட்டி, “பசியாறியாச்சா தம்பி?” என்று கேட்டார். வேறொன்றும் கேட்க வரவில்லை என்று எங்களிடம் சொன்னார். “ஆச்சுங்க பாய்” என்று பதில் வந்தது. அதோடு திரும்பி வந்துவிட்டார். அடுத்த ஞாயிறும் போனார். அப்போது, அந்த நாடகத்தின் கையெழுத்துப் பிரதி இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் தேடிப் பார்க்க வேண்டும் என்றாராம். இதுவரை வரவில்லை. கிடைத்தால் எங்கள் வாசிப்பு வட்டத்தில், ஒலிபெருக்கி இல்லாமல், முழுவதையும் படிப்பதாக இருக்கிறோம். நாற்காலியின் பாத்திரத்தை யார் படிப்பது என்பதில்தான் பெரியவர்களுக்குள் இப்போது போட்டி.

அடுத்த மாதக் கதையைத் தேர்ந்தெடுக்கும் முறை பிள்ளைகளுடையது. கதை என்னவென்று இன்னும் எங்களிடம் சொல்லவில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். கடைசிச் சனிக்கிழமை, இஷாவுக்குப் பிறகு, மாடி வகுப்பறை. படிகளில் விளக்குப் போட்டிருக்கும். வஸ்ஸலாம்.